வெட்டி எடுத்த நாற்பது நிமிடம்

உ
ஆத்தூர்,
19.2.2024

அன்புள்ள தம்பி பிரபுவுக்கு மதினி கீர்த்தனா எழுதுவது. இங்கே மாமா, அத்தை, மகள் மதிவதனி எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று அத்தை கேட்டு எழுதச் சொன்னார்கள்.

உங்கள் அண்ணனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. மறுநாளே நீங்கள் பெங்களூருக்குக் கிளம்பிவிட்டதால் பேச முடியவில்லை. போனில் கேட்கலாம்தான். ஆனால் இந்த மூன்று வாரத்தில் உங்கள் நிறுவனத்திலிருந்து போனில் பேசியவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் மாரடைப்பு என்றார். ஒருவர் வாயு கசிந்தது என்றார். இன்னொருவர், "லீவு நாள்ல அவரு ஏம்மா உள்ள போனாரு?" என்று என்னையே கேட்டார். நான் செம்பட்டியில் பத்திர எழுத்தரிடம் தட்டச்சு செய்கிறவள். காகிதத்தில் இல்லாத பேச்சுக்கு என்ன மதிப்பு என்று தினமும் பார்க்கிறேன். அதனால்தான் எழுதிக் கேட்கிறேன். நீங்களும் எழுதியே பதில் போடுங்கள்.

கேள்வி ஒன்றுதான். ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை. அவருக்கு அந்த அறைக்குள் என்ன வேலை?

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
கீர்த்தனா


பெங்களூரு,
6.3.2024

அன்பு மதினிக்கு,

பிரபு எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. பெரியப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியம்மாவிடம் நான் வேளைக்குச் சாப்பிடுவதாகச் சொல்லுங்கள்.

எனக்குத் தெரிந்த வரை எழுதுகிறேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருப்பது என்.எம்.ஆர். கருவி. ஆள் உயரத்துக்கும் மேலான ஒரு காந்தம். அண்ணன் அதைப் 'பெரிய பால்கேன்' என்பார். உள்ளே போகுமுன் சாவி, பெல்ட், ஏ.டி.எம். அட்டை எல்லாவற்றையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு, "சாமி கும்பிடப் போறவன் மாதிரில்ல போக வேண்டியிருக்கு" என்று சிரிப்பார். புரதம் என்பது சுருண்டு மடிந்த ஒரு சங்கிலி. அது எப்படி மடிந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் அதைத் தடுக்க மருந்து தேட முடியும். நான் எடுத்திருப்பது காசநோய்க் கிருமியின் ஒரு சிறு புரதம். அதைக் கரைத்து மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் காந்தத்துக்குள் இறக்கினால் அதன் அணுக்கள் தனித்தனியாகப் பதில் கொடுக்கும். திரையில் புள்ளி புள்ளியாக விழும். எந்தப் புள்ளி எந்த அணு, எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தால் கடைசியில் உருவம் கிடைக்கும். நான்கு வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

காந்தம் குளிர்ந்தே இருக்க வேண்டும். அதற்கு வெள்ளிக்கிழமைதோறும் திரவ நைட்ரஜன் ஊற்றப்படும். அண்ணனின் வேலை அதுதான். அன்று குழாயின் இணைப்பு கழன்றிருக்கிறது. நைட்ரஜன் ஆவியாகி அறையை நிறைத்துவிட்டது. மூச்சுக்கான காற்று இல்லாமல் போனது. அதற்கு வாசனை கிடையாது. திணறல்கூட இருக்காது. தலை சுற்றுவதற்குள் நினைவு போய்விடும். வலி தெரிந்திருக்காது, மதினி. காற்று குறைந்தால் ஒலி எழுப்பும் கருவி ஒன்று அறையில் உண்டு. எல்லாவற்றையும் விசாரணைக் குழு பார்த்துவருகிறது.

மதிக்கு என் முத்தங்கள்.
பிரபு


ஆத்தூர்,
14.3.2024

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். மாத்திரை வாங்கிவிட்டேன். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். காந்தம் புரிந்தது. புரதம் பாதி புரிந்தது. நான் கேட்டதற்கு மட்டும் பதிலைக் காணோம்.

வெள்ளிக்கிழமை 'ஊற்றப்படும்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பத்திரத்தில் 'நிலம் விற்கப்பட்டது' என்று நான் தட்டினால் எங்கள் முதலாளி இருதயநாதன் காகிதத்தைத் தூக்கி எறிவார். "யாரு வித்தா? பேரப் போடும்மா" என்பார். வெள்ளிக்கிழமை ஏன் ஊற்றவில்லை? ஞாயிற்றுக்கிழமை ஊற்றச் சொன்னது யார்? ஒலி எழுப்பும் கருவி அன்று ஒலித்ததா? இந்த மூன்றுக்கும் பேர் போட்டு எழுதுங்கள்.

மதி பள்ளிக்கூடத்தில் அப்பா பேருக்கு முன்னால் 'காலம் சென்ற' என்று எழுதிவிட்டு வந்தாள். டீச்சர் சொல்லிக்கொடுத்தார்களாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
கீர்த்தனா


பெங்களூரு,
2.5.2024

அன்பு மதினிக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். பத்து நாள் காய்ச்சலில் கிடந்தேன். இப்போது பரவாயில்லை. அங்கே வெயில் எப்படி? பெரியப்பா சம்பங்கித் தோட்டத்துக்கு இன்னும் போகிறாரா?

ஜனவரி 26 வெள்ளிக்கிழமை குடியரசு தினம். அதனால் ஊற்றவில்லை. ஒலிக் கருவி பழுதாகியிருந்ததாகக் கேள்வி. அன்று காலை நான் என் விடுதி அறையில் இருந்தேன். அண்ணனுடைய துணிமணிகளைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். செருப்பையும் அதிலேயே வைத்திருக்கிறேன். எறிய மனம் வரவில்லை.

ஒரே ஒரு ஆறுதல், அப்போது கருவியில் போட்டிருந்த என் நான்கு நாள் ஓட்டம் வீணாகவில்லை. வியாழன் தொடங்கி ஞாயிறு மாலை வரை ஓடிய அதிலிருந்துதான் அணுக்களுக்கு இடையிலான தூரங்கள் கிடைத்தன. உருவம் தெளிந்து வருகிறது. அண்ணன் இருந்திருந்தால் திரையில் அதைச் சுழற்றிக் காட்டியிருப்பேன்.

பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.
பிரபு


ஆத்தூர்,
20.5.2024

தம்பி பிரபுவுக்கு,

எல்லோரும் இருக்கிறோம். காய்ச்சல் போனது தெரிந்து அத்தை விளக்குப் போட்டார்கள்.

விசாரணை அறிக்கையின் நகல் தபாலில் வந்தது. "ஒப்பந்தப் பணியாளர் பழனிக்குமார், எவருடைய உத்தரவும் இன்றி, பாதுகாப்பு விதிகளை மீறித் தன்னிச்சையாக அறைக்குள் சென்றார்." கீழே மூன்று கையெழுத்து. மூன்றாவது உங்களுடையது. நான் அதை முதலில் பார்க்கவில்லை. மாமாதான் விரலை வைத்து, "இது நம்ம பிரபு போட்டதுல்ல?" என்று கேட்டார். இங்கிலீஷ் அவருக்குத் தெரியாது. நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் நல்ல சேதியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

இந்த ஒரு வரி இருக்கும்வரை இது வேலையில் நடந்த விபத்து ஆகாது என்று திண்டுக்கல்லில் தொழிலாளர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். போன வாரம் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் யாரோ, "ஞாயித்துக்கெழமைல்ல, போட்டுட்டுப் போயிருப்பாப்ல" என்று சொன்னது அத்தை காதில் விழுந்துவிட்டது. அவர் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து அத்தை மற்றவர்களோடு சேர்ந்து பூப்பறிக்கப் போவதில்லை. எல்லோரும் பறித்துப் போன பிறகு தனியாகப் போகிறார்கள்.

வெள்ளிக்கிழமை விடுமுறை, சரி. சனிக்கிழமை அவர் வேலையில்தான் இருந்தார். "இன்னைக்கு ஊத்த வேணாம்னுட்டாங்க" என்று மத்தியானம் என்னிடம் போனில் சொன்னார். வியாழன் முதல் ஞாயிறு வரை ஓடியது உங்கள் வேலை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஊற்ற வேண்டாம் என்று சொன்னது யார்?

கீர்த்தனா


பெங்களூரு,
1.8.2024

மதினிக்கு,

நலம், நலமறிய ஆவல்.

நீங்கள் எழுதுவதைப் படித்தால் போலீஸ் விசாரிப்பதுபோல் இருக்கிறது. அண்ணனை இழந்தது உங்களுக்கு மட்டுமா? அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டில் அவர் தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். திண்டுக்கல்லில் சிலிண்டர் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவரை இங்கே கூட்டிவந்தவனும் நான்தான்.

அறிக்கையை எழுதியது குழு. பேராசிரியர் என் முன் வைத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். போடாமல் இருந்தால் நான்கு வருடமும் போயிருக்கும். ஆய்வேட்டுக்கு இன்னும் மூன்று மாதம். அந்தப் புரதத்தின் உருவம் உலகத்திலேயே யாரிடமும் இல்லை. நாளை அதை வைத்து ஒரு மருந்து வந்தால் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று யோசியுங்கள். போனவரை எந்தக் காகிதமும் திருப்பித் தராது. தயவுசெய்து இதை இதோடு விட்டுவிடுங்கள்.

ஆடிப் பதினெட்டுக்கு வர முடியவில்லை என்று பெரியம்மாவிடம் சொல்லவும்.
பிரபு


ஆத்தூர்,
9.8.2024

தம்பி பிரபுவுக்கு,

எல்லோரும் சுகம். அத்தைக்கு மட்டும் கால் வீக்கம்.

உங்கள் கூடத்திலேயே படிக்கும் அஃப்சானா, நம் திண்டுக்கல் பேகம்பூர்ப் பெண், பக்ரீத்துக்கு ஊருக்கு வந்தவள் எங்கள் வீட்டுக்கும் வந்தாள். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு சொன்னாள். வியாழக்கிழமை மத்தியானம் நீங்கள் காற்றை வெளியேற்றும் விசிறியை நிறுத்தினீர்களாம். அது ஓடினால் அறையின் சூடு ஏறி இறங்கும், புள்ளிகள் இடம் மாறிவிடும் என்று. ஒலிக் கருவி அடிக்கடி கத்துகிறது என்று அதையும் அணைத்தீர்களாம். "வேணாம் பிரபு" என்றதற்கு "நாலே நாள்தான்" என்று சிரித்தீர்களாம். கருவிக்குப் பழுது ஏதும் இல்லையாம்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அந்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு அவர் என்னோடுதான் பேசிக்கொண்டிருந்தார். இடையில், "இரு, பிரபு கூப்புடுறான்" என்று வைத்தார். ஐந்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டு, "தம்பிக்கு ஏதோ அவசரமாம். செத்த நேரத்துல முடிச்சுட்டு வந்துர்றேன். மதி எந்திரிச்சா பேசச் சொல்லு" என்றார்.

முதல் கடிதம் எழுதும்போதே எனக்கு இது தெரியும். யார் கூப்பிட்டது என்று தெரிந்துகொள்ள நான் எழுதவில்லை. நீங்களாக எழுதிவிடுவீர்கள் என்று நம்பினேன். ஆறு மாதம் ஆகிறது.

கீர்த்தனா


பெங்களூரு,
25.9.2024

மதினி,

இதை எழுத ஒன்றரை மாதம் ஆனது. நலம் விசாரிக்க எனக்குத் தகுதியில்லை.

அந்தக் குழாயில் இருந்தது எட்டு மாத உழைப்பு. கிருமிக்கு விசேஷமான நைட்ரஜனும் சர்க்கரையும் ஊட்டி வளர்த்துப் பிரித்தெடுத்த புரதம். ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது, திரிந்துவிடும். இன்னொரு முறை செய்யப் பொருளும் இல்லை, காலமும் இல்லை. நைட்ரஜன் ஊற்றினால் காந்தம் லேசாக அதிரும். ஓட்டத்தை நிறுத்திவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும் என்று பயந்தேன். சனிக்கிழமை வேண்டாம் என்று சொன்னது நான். ஞாயிறு காலை விடுதியிலிருந்தே கணினியில் பார்த்தேன். நைட்ரஜன் மிகவும் இறங்கியிருந்தது. அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, ரன்ன நிறுத்த மாட்டேன். வால்வ லேசாத் தொறந்து மெதுவா ஊத்துங்க. ஆடக் கூடாது."

"ஏலே, தனியாவா? செக்யூரிட்டியக் கூப்புட்டுக்கிறட்டா?"

"வேணாம்ணே. அவன் வந்தா கதவத் தொறந்து தொறந்து மூடுவான்."

"சரிப்பு" என்றார். விசிறியை நிறுத்தியிருப்பதை நான் சொல்லவில்லை. மறந்துபோனேன் என்று எழுதப் பார்த்தேன். மறக்கவில்லை. சொன்னால் போட்டுவிடுவார் என்று சொல்லவில்லை.

பதினோரு மணிக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது கணினித் திரையை. ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நிம்மதியாக இருந்தது, மதினி. அதற்குப் பிறகுதான் காந்தத்தின் காலுக்குப் பின்னால் அண்ணனின் பாதத்தைப் பார்த்தேன். எனக்கும் தலை சுற்றியது. வெளியே ஓடிவந்து, விசிறியைப் போட்டு, ஒலிக் கருவியையும் போட்டுவிட்டு, அப்புறம்தான் ஆளைக் கூப்பிட்டேன். அவரை இழுத்து வெளியே போட்டது செக்யூரிட்டி.

இதை யாரிடமும் சொன்னதில்லை. அவர் நைட்ரஜன் ஊற்றிய நேரம் பதிவில் தெரிகிறது. எட்டு நாற்பதிலிருந்து ஒன்பது இருபது வரை அதிர்வு. அதற்குப் பிறகு அமைதி. அந்த நாற்பது நிமிடத்தை வெட்டி எடுத்துவிட்டு மீதியை வைத்துத்தான் உருவத்தைக் கட்டினேன். நன்றாக வந்திருக்கிறது. ரொம்ப நன்றாக வந்திருக்கிறது.

படித்ததும் கிழித்துவிடுங்கள்.


ஆத்தூர்,
4.10.2024

தம்பி பிரபுவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

மாமாவுக்கும் அத்தைக்கும் படித்துக் காட்டினேன். அத்தை பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்கள். மாமா முழுவதும் கேட்டார். "வளத்த புள்ளையில ஒருத்தன் போயிட்டான். இன்னொருத்தனையும் ஏம்மா சாய்க்கணும்? விட்டுரு" என்றார். "அப்ப அவரு குடிச்சுட்டுப் போய்ச் செத்தாருன்னே இருக்கட்டுமா மாமா?" என்று கேட்டேன். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். இப்போது என்னோடு பேசுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் மதியிடம் சொல்லி அனுப்புகிறார்.

உங்கள் கடிதத்தில் பேர் இல்லை. கையெழுத்தும் இல்லை. இப்படிப்பட்ட காகிதங்களை நான் அன்றாடம் பார்க்கிறேன். ஆகவே நானே நான்கு வரி தட்டச்சு செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். நைட்ரஜன் ஊற்றச் சொன்னது நீங்கள். விசிறியை நிறுத்தியது நீங்கள். ஒலிக் கருவியை அணைத்தது நீங்கள். பழனிக்குமார் சொன்ன வேலையைச் செய்தார். அவ்வளவுதான். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். தபால்தலை ஒட்டிய உறையும் உள்ளே இருக்கிறது.

கீர்த்தனா


பெங்களூரு,
12.1.2025

அன்பு மதினிக்கு,

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து. பெரியம்மாவின் கால் வீக்கம் குறைந்ததா? மதிக்கு ஒரு கலர் பென்சில் பெட்டி அனுப்பியிருக்கிறேன்.

தீபாவளிக்கு முன்பே ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். கட்டுரையும் வெளிவந்துவிட்டது. நன்றி சொல்லும் இடத்தில் அண்ணனின் பெயரைப் போட்டிருக்கிறேன். 'கருவிப் பராமரிப்பில் உதவிய மறைந்த பழனிக்குமார்' என்று. பேராசிரியர் தயங்கினார், நான்தான் வற்புறுத்தினேன். இத்துடன் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். பெரியப்பாவிடம் அந்த வரியைக் காட்டுங்கள்.

ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது. பிப்ரவரி கடைசியில் கிளம்புகிறேன். அங்கே இருப்பது இதைவிடப் பெரிய காந்தம். வருடத் திதிக்கு வரப் பார்க்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நீங்கள் அனுப்பிய காகிதம் பத்திரமாக இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்.
பிரபு


சின்னாளப்பட்டி,
10.2.2025

பிரபுவுக்கு,

நானும் மதியும் சுகம். மேலே முகவரி மாறியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். திதி முடிந்த மறுநாள் என் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டோம். யாரும் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை. நான் பெட்டி கட்டும்போது மாமா வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அத்தை மட்டும் பஸ் வரை வந்து மதியின் கையில் ஒரு பந்து பூவைக் கொடுத்தார்கள். மதிக்குப் பள்ளிக்கூடம் மாற்றியாகிவிட்டது. நான் இங்கிருந்தே செம்பட்டிக்குப் போய்வருகிறேன்.

நீங்கள் கேட்டபடி மாமாவிடம் அந்த வரியைக் காட்டினேன். இங்கிலீஷில் அச்சாகியிருந்த உங்கள் அண்ணன் பேரைத் தடவிப் பார்த்தார். "மகராசன், பேரப் போட்டுட்டான்" என்றார். எனக்கு அதற்கு மேல் அங்கே இருக்க முடியவில்லை.

தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டேன். அஃப்சானா தன் பேரில், தன் கையெழுத்தோடு எழுதித் தந்திருக்கிறாள். அதற்காக அவளுடைய ஆய்வேடு இப்போது யார் மேசையிலோ கிடப்பில் கிடக்கிறது. விசாரணை மார்ச் 18. நிறுவனம் தன் தரப்புச் சாட்சிகளில் மூன்றாவதாக உங்கள் பேரைக் கொடுத்திருக்கிறது. அதற்குள் நீங்கள் போய்விடுவீர்கள் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

நான் அனுப்பிய காகிதத்தில் இனிமேல் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. நீங்கள் எனக்கு எழுதியவை ஐந்து கடிதங்கள். நான்கில் கையெழுத்து இருக்கிறது, ஒன்றில் இல்லை. ஐந்தும் ஒரே கை எழுதியவை என்பதைப் பார்த்தவுடனே இருதயநாதன் சார் சொன்னார். நிபுணரும் அதையே சொல்வார் என்றார். ஐந்தையும் தேதிவாரியாக வரிசைப்படுத்தி, நகல் எடுத்து, அசலை அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன்.

நல்லபடியாகப் போய்ச் சேருங்கள். அங்கிருந்து நலம் விசாரித்துக்கூட எழுத வேண்டாம். உங்களிடமிருந்து என்ன வந்தாலும் பிரிக்காமல் அங்கேதான் கொடுப்பேன்.

ப. கீர்த்தனா
(பழனிக்குமார் மனைவி)